பத்தாயிரத்து ஏழு கற்களும் ஒரு பந்தயமும்

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கை வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. நீங்களும் அக்காவும் உங்கள் சர்க்கரையும் கட்டுக்குள் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம், என் முட்டியும் மானமும் தவிர.

உங்கள் மருந்துக்கடைக் கல்லாவில் என் மகளுக்கென்று போட்டுவைத்த நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். அவள் கணக்குப் படிக்கப் போகிறாள். காரணம் நான்தான். டைல்ஸ் ஒட்டுகிறவன் வாயையும் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். உள்ளங்கை அகலச் சதுரக் கற்களைத் தன் முற்றத்துக்காக மலிவாய்க் கிடைத்ததென்று மொத்தமாக வாங்கிக் குவித்திருந்த முதலாளி, "நீள அகலம் உன் இஷ்டம். ஆனா நாலு மூலையும் நேரா வரணும், ஒரு கல்லையும் வெட்டக் கூடாது, ஒண்ணும் மிஞ்சக் கூடாது" என்றார். "இதென்ன பிரமாதம்" என்றேன். உதவிக்கு வந்த மகளோடு சேர்ந்து எண்ணினேன். பத்தாயிரத்து ஏழு. அவள் சிமெண்டுப் பையின்மேல் எதையோ வகுத்து வகுத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, இது பகா எண். எதாலயும் வகுபடாது. நீங்க தலைகீழா நின்னாலும் மிஞ்சும்" என்றாள். "இத்தனை வருஷமா தரை போடுறவனுக்கே சொல்றியா?" "தரை உங்களுது, எண் என்னுது." எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மிஞ்சாமல் போட்டால் நீ மாமா கடைக்குப் போகணும், மிஞ்சினா கணக்கே படி என்று பந்தயம் கட்டினேன். ஆழம் தெரியாமல் காலை விடுவது எங்கள் வீட்டு வழக்கம். உங்கள் தங்கை என்னைக் கட்டிக்கொள்ளவில்லையா.

நூறுக்கு நூறு பரப்பினேன், ஏழு மிஞ்சியது. ஒரு வரிசையை எடுத்துப் பக்கவாட்டில் சேர்த்தேன், எட்டு. இன்னொன்றையும் மாற்றினேன், பதினொன்று. முதலாளி வந்து பார்த்துவிட்டு, "மிச்சத்தை என் தலையிலயா ஒட்டப்போற?" என்றார். "ஒரு வழி இருக்கு சார்" என்றாள் மகள், "ஒரே வரிசையா வச்சா மிஞ்சாது. என்ன, பஸ் ஸ்டாண்டைத் தாண்டிப் போகும்." அவர் என்னைப் பார்த்தார், நான் சாந்துச் சட்டியைப் பார்த்தேன். கடைசியில் நூறுக்கு நூறே போதும் என்று மிச்சம் ஏழு கற்களையும் தூக்கிக்கொண்டு முணுமுணுத்தபடி போனார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம், பகா எண்கள் யாருக்கும் பிடிகொடுக்காது, முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கும் என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்குப் பாதி புரியலை. ஆனா அவ இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை மச்சான்.

வாக்குத் தவறியவனை மன்னியுங்கள். மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள். ஊரில் யாருக்கும் நோய் வராமலே உங்கள் கடை அமோகமாக நடக்கட்டும்.

இப்படிக்கு,
கல்லிடம் தோற்ற உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: மடிக்கும்போதுதான் கவனித்தேன். தாள் பறக்காமலிருக்க மேலே வைத்திருந்தது, மாதிரிக்கென்று எண்ணுவதற்கு முந்தின நாளே நான் வீட்டுக்கு எடுத்துவந்த கல். ஆக, பத்தாயிரத்து எட்டு. வகுத்துப் பார்த்தேன். இரண்டு, மூன்று, பன்னிரண்டு, எதைக் கேட்டாலும் தலையாட்டுகிறது. எழுபத்திரண்டு வரிசை, வரிசைக்கு நூற்று முப்பத்தொன்பது, ஒன்றும் மிஞ்சாது. பந்தயத்தில் ஜெயித்தது நான்தான். கல்லை இத்துடன் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கடைவாசலில் எங்காவது பதித்துவிடுங்கள். உங்கள் மருமகள் வந்தால் அதன்மேல் நின்றுகொள்ளுங்கள்.