நிலாவுக்கு முளைத்த வால்

பார்த்ததைச் சொல்வது சுலபம். எதன் வழியாகப் பார்த்தோம் என்று யோசிக்கத்தான் மூளை வேண்டும். எனக்கு அது தாமதமாக வந்தது. (இன்னும் வரவில்லை என்கிறாள் என் மனைவி.)

எட்டாவதோடு படிப்பை விட்டு, கரும்பு வெட்டி, லாரி கிளீனராக ஊர் சுற்றி, கடைசியில் கல்வராயன் மலையில் ஒரு தொலைநோக்கிக்குக் காவலாளாகப் போய்ச் சேர்ந்தேன். அது கள்ளக்குறிச்சியில் அறிவியல் நடத்திய சரோஜா டீச்சருடையது. அப்போது மேற்கு வானில் ஒரு வால் நட்சத்திரம் வந்திருந்தது. சூரியனை நெருங்கும்போது அதன் பனி ஆவியாகி, வாயுவும் தூசும் பீறிடும். தலை ஊதும், வால் நீளும். விலகிப் போகையில் அடங்கும். சில சமயம் திடீரென்று பொங்கும். பொழுது சாய்ந்ததும் டீச்சர் தினமும் அதைப் பார்த்துப் படம் வரைவார்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த நேரம். சாலையெங்கும் புளியமரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டிருந்தன. பஸ் கிடையாது. ஊருக்குப் போன டீச்சர் கீழேயே மாட்டிக்கொண்டார். போகும்போது சொல்லியிருந்தார்: "நான் வர்ற வரைக்கும் நீ பாரு. தல திடீர்னு ஊதுச்சுன்னா ஓடியா, வானாராய்ச்சிக் கூடத்துக்குத் தந்தி குடுக்கணும். தப்பா மட்டும் சொல்லி வெச்சே, என் மானம் கப்பலேறிடும்."

ஆயுத பூஜை வந்தது. லாரியில் பழகிய கை சும்மா இருக்குமா? தொலைநோக்கிக்குச் சந்தனம், குங்குமம் வைத்தேன். முன் கண்ணாடியில் பட்டையாக விபூதி பூசினேன். (லாரிக்கு அப்படிப் போடாவிட்டால் ஓனர் உதைப்பார்.)

அன்று சாயங்காலம் கண்ணை வைத்தேன். ஐயோ! தலை பூசணிக்காய் மாதிரி ஊதியிருந்தது! மேலும் கீழும் வெளிச்சம் பீறிட்டது! உலகத்திலேயே நான்தான் முதலில் பார்க்கிறேன்! எனக்குத் தூக்கமே வரவில்லை.

விடிந்ததும் ஓடினேன். வழியில் விழுந்த மரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் மடக்கினார்கள்.

"எங்கடா ஓடறே?"

"வால் நட்சத்திரம் பொங்கிடுச்சுண்ணா!"

"அதுக்கு இன்னாவாம்? அதுவும் பங்கு கேக்குதா?"

சிரித்துக்கொண்டே கைகொடுத்து என்னை மரத்தைத் தாண்டவைத்தார்கள்.

டீச்சர் நான் சொன்னதைக் கேட்டதும் தந்தி வாசகத்தை எழுதியே விட்டார். ஆனால் விஜயதசமி, தபாலாபீஸ் பூட்டியிருந்தது. "நல்லதாப் போச்சு. நானே ஒரு வாட்டி பாத்துட்டு அனுப்பறேன்" என்றார். ஒவ்வொரு மரத்துக்கும் அவர் சைக்கிளை நான் தூக்கிக் கடத்தி, மறுநாள் பொழுது சாய மலையேறினோம்.

டீச்சர் பார்த்தார். அவர் முகமும் மலர்ந்தது. பிறகு ஏனோ குழலை நிலாப் பக்கம் திருப்பினார். மலர்ச்சி போய்விட்டது.

"ஏம்ப்பா, நிலாவுக்கும் வால் மொளச்சிருக்குதே?"

நான் எட்டிப் பார்த்தேன். முளைத்துத்தான் இருந்தது. டீச்சர் முன் கண்ணாடியை ஒரு விரலால் தொட்டார்.

"இது இன்னா?"

"விபூதிங்க டீச்சர். ஆயுத பூஜைங்க."

"கண்ணாடி மேலயா?"

"லாரிக்கு அங்கதாங்க போடுவோம்."

அவர் திட்டவில்லை. விரலில் இருந்ததை என் நெற்றியில் பூசிவிட்டு, தந்திக் காகிதத்தைக் கிழித்தார். கண்ணாடியைத் துடைத்தபின் பார்த்தால், வால் நட்சத்திரம் போன வாரப் படத்தில் இருந்ததைவிட இளைத்திருந்தது. "அடங்கிக்கினு வருது, பாரு. இதுவும் சேதிதான்" என்றார்.

இன்றும் நான் எதையாவது கண்டு பரபரப்பாக வீட்டுக்குள் ஓடிவந்தால், யாரும் என்னவென்று கேட்பதில்லை. என் மகள் எழுந்து வந்து, என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, நன்றாகத் துடைத்து, திரும்ப மாட்டிவிட்டு, "இப்ப போய் இன்னொரு வாட்டி பாத்துட்டு வா, நைனா" என்கிறாள்.