டிஸ்சார்ஜ் ஆன கதை

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. நானும் என் வயிற்றுத் தையலும் நலம். நீங்களும் அக்காவும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

மச்சான், ஜெயித்துவிட்டேன்! பித்தப்பையை எடுத்துவிட்டு நான் ஆஸ்பத்திரியில் கிடந்தது உங்களுக்குத் தெரியும். நேற்று மாலை என் மகள் முதன்முறையாகத் தனியாக ரயில் ஓட்டுவதாக இருந்தது. பிளாட்பாரத்தில் நின்று கையசைப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன். காலையில் உங்கள் தங்கை போன் செய்தாள். "போன் டிஸ்சார்ஜ் ஆகப்போகுது, அப்புறம் பேசறேன்" என்று நான் சொன்னதில், அவள் காதில் விழுந்தது டிஸ்சார்ஜ் மட்டும்தான். உடனே டாக்சி பிடித்து வந்து, துணிமணிகளை மூட்டை கட்டி, எனக்குச் செருப்பும் மாட்டி உட்காரவைத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து டாக்டர் வந்து, "டிஸ்சார்ஜ் ஏதாவது இருக்கா?" என்றார். "இருக்கு டாக்டர், அதுக்குத்தான் ரெண்டு பேரும் காத்துக்கிட்டிருக்கோம்" என்று பல்லெல்லாம் தெரியச் சொன்னேன். அவர் கேட்டது தையலில் சீழ் வடிகிறதா என்றுதானாம்! "அப்ப இப்போதைக்கு அனுப்ப முடியாது" என்றுவிட்டார். உங்கள் தங்கை முறைத்த முறைப்பில் என் மிச்ச உறுப்புகளும் ஆட்டம் கண்டன.

அப்போதுதான், சாப்பாட்டு மேஜையில் ஒருமுறை அந்த வார்த்தையின் பூர்வீகத்தை நீங்கள் விளக்கியது (நான் கொட்டாவி விட்டேனே, அதேதான்) ஞாபகம் வந்தது. "டாக்டர், சார்ஜ்னா ஆதியில வண்டியில பாரம் ஏத்தறது, டிஸ்சார்ஜ்னா இறக்கறது. பேட்டரின்னாலும் அதுதான், சீழுன்னாலும் அதுதான், நோயாளின்னாலும் அதுதான். என் தையல் சுத்தமா காஞ்சு கிடக்கு. இங்க இறக்கவேண்டிய பாரம் நான் ஒருத்தன்தான். இறக்கி விடுங்க, என் பொண்ணு ரயில் ஓட்டறா!" டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார், விழுந்து விழுந்து சிரித்தார், கையெழுத்துப் போட்டார்.

ஸ்டேஷனில் உங்கள் தங்கை மூட்டையோடு எங்கோ பின்தங்கிவிட்டாள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். ரயில் வந்தேவிட்டது! "என் பொண்ணு ஓட்டறா, என் பொண்ணு ஓட்டறா" என்று பக்கத்தில் நின்றவர்களையெல்லாம் தட்டித் தட்டிச் சொன்னேன். அவர்களும் சேர்ந்து கையசைத்தார்கள். பதிலுக்கு நீளமாக ஒரு ஹாரன். தையல் தெறித்தாலும் தெறிக்கட்டும் என்றிருந்தது மச்சான்.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். இனி நீங்கள் எந்த வார்த்தையை எடுத்தாலும் கண் கொட்டாமல் கேட்கப்போகும்,
உங்கள் மாப்பிள்ளை.

பி.கு.: மூக்குக்கண்ணாடி ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டது. நான் கையசைத்தது வேறு ரயிலுக்காம். அதை ஓட்டியவர் மீசைக்காரராம். மகளின் ரயில் என் முதுகுக்குப் பின்னால், உங்கள் தங்கை நின்ற பிளாட்பாரத்தில் போயிருக்கிறது. ஹாரன் மட்டும் மகள் அடித்ததுதானாம். "எவ்வளவு அடிச்சும் நீ திரும்பவே இல்லையேப்பா" என்கிறாள்.