மாமியார் வீட்டுச் சாப்பாடு

டாக்சியிலிருந்து இறங்கிய மாமியார், பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் கடையின் பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டார். ‘மாமியார் வீடு’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, சுற்றிலும் குட்டி விளக்குகள் போட்டிருந்தது. கண்ணாடிக் கதவுக்கு உள்ளேயிருந்து இதைப் பார்த்த மாப்பிள்ளை, கதவைத் திறக்கப் போன கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

மாமியார் இன்றைக்கு வராமல் இருக்க மாப்பிள்ளை பட்ட பாடு கொஞ்சமா? முழங்கால் வலிக்குப் பிரயாணம் ஆகாது, வெயில் ஆகாது, புதுப் பெயின்ட் வாசனை தும்மலைக் கிளப்பும் என்று ஃபோனில் ஒவ்வொரு சாக்காகச் சொல்லிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் “ம்” கொட்டிக் கேட்டுக்கொண்ட மாமியார், கடை திறக்கிற நாளன்று காலையில் வந்து இறங்கிவிட்டார்.

விஷயம் இதுதான். மாமியார் வீடு என்றால் ஜெயில் என்று யாருக்குத் தெரியாது? திருடனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனால், ‘மாமியார் வீட்டுக்குப் போயிருக்கான்’ என்றுதானே தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அதை நினைத்துத்தான் மாப்பிள்ளையும் பேர் வைத்தார். இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலையை உதறிவிட்டு அவர் திறந்த உணவகம் அசல் ஜெயில் மாதிரியே இருக்கும். மேஜைக்கு மேஜை இரும்புக் கம்பி போட்ட அறை, தகரத் தட்டு, பரிமாறுவதற்குக் காக்கி உடுப்பில் ஒரு ஜெயிலர். மெனு அட்டைக்குப் பெயர் ‘தீர்ப்பு’. சூப் மட்டும் போதும் என்றால் சாதாரணக் காவல். காரம் தூக்கலாக வேண்டுமானால் கடுங்காவல். முழுச் சாப்பாடு ஆயுள் தண்டனை. கடைசியில் ஐஸ்கிரீம் வந்தால் அது நன்னடத்தை விடுதலை.

யோசனையெல்லாம் பிரமாதம். ஆனால் கடை இருந்த இடம் மாமியாருடையது. மகள் முகத்துக்காக வாடகை வேண்டாமென்று கொடுத்தது. அதற்கு முன்னால் அங்கே இருந்த தையல்காரர், பேச்சுவாக்கில் யாரிடமோ ‘கிழவி’ என்று சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே தையல் மிஷினோடு தெருவில் நின்றார். ஒரு ‘கிழவி’க்கே அந்தக் கதி என்றால், மாமியார் வீட்டை ஜெயிலாக்கி விளக்குப் போட்டுக் காட்டுகிற மாப்பிள்ளைக்கு என்ன கதி?

மாமியார் உள்ளே வந்தார். கண் கலங்கியிருந்தது.

“இந்தப் பேரு எனக்காகவா, மாப்பிள்ளை?”

“பின்ன யாருக்காக, அத்தை?” வாய் அதுவாகவே சொல்லிவிட்டது.

“எத்தனை வருஷம் மாடா உழைச்சேன். ஒருத்தர் நினைச்சுப் பார்க்கல. நீங்களாவது நினைச்சீங்களே.”

மாமியார் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். பெண் பார்க்கப் போன அன்றே அதைச் சொல்லியிருந்தார்கள். சுவர் ஏறிக் குதிக்கிற பெண்களையெல்லாம் கண்பார்வையிலேயே நிறுத்தியவர் என்று மாப்பிள்ளைக்கு அன்றைக்குப் பிடித்த பயம். இன்றுவரை அவர் எதிரில் கால்மேல் கால் போட்டதில்லை.

மாமியார் முதலில் போய்ப் பிடித்துப் பார்த்தது கம்பியைத்தான்.

“அது காத்தோட்டத்துக்கு, அத்தை,” என்றார் மாப்பிள்ளை, கேட்பதற்கு முன்பாகவே. “சுவர் வச்சா புழுங்கும்.”

மாமியார் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “காத்தோட்டத்துக்குன்னா ஜன்னலை உசரத்துல வைக்கணும். கை எட்டக்கூடாது. இந்தக் கம்பியும் இடைவெளி ஜாஸ்தி. ஒல்லியா இருக்கிறவங்க நழுவிடுவாங்க.”

குழந்தைகளைச் சொல்கிறார் என்று மாப்பிள்ளை தலையாட்டி வைத்தார். அதற்குள் பின்கட்டிலிருந்து நாடகக்காரர் வந்துவிட்டார். பரிமாறுகிற வேலைக்கு வந்தவர். முன்னே மேடையில் ராஜா வேஷம் கட்டியவர். ஜெயிலர் வேஷம் என்றதும் பாதிச் சம்பளத்துக்கே ஒத்துக்கொண்டார். காக்கி உடுப்பு, ஒட்டு மீசை, இடுப்பில் கலகலவென்று ஒரு கொத்துச் சாவி.

“இவர்தான் பரிமாறுறவர், அத்தை. அப்படியே வாசலையும் பார்த்துக்குவார். அதான் காக்கி.”

மாமியார் கையை நீட்டினார். ஏன் எதற்கென்று கேட்காமல் நாடகக்காரர் சாவிக் கொத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

“சாவி சலங்கை மாதிரி ஆடக்கூடாது, தம்பி. நீ வர்றது யாருக்கும் தெரியக்கூடாது,” என்று சொல்லிக் கொத்தைத் தன் இடுப்பில் சத்தமில்லாமல் செருகிக்கொண்டார். வந்து கால் மணி நேரம் ஆகவில்லை, கொத்துச் சாவி மாமியார் இடுப்புக்குப் போய்விட்டது.

மாப்பிள்ளை, சாமான் அறையில் துடைக்கும் துணிகளை மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் ஓடினார்.

“உங்கம்மாவுக்கு மாமியார் வீடுன்னா ஜெயில்னு தெரியுமா?”

“எங்கம்மாவுக்கா?” என்றாள். அவர் முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த துணியால் வாயைப் பொத்திக்கொண்டு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது.

“உயிர் போகுது, உனக்குச் சிரிப்பா இருக்கா?”

“பேரு வைக்கும்போது என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? இப்ப நீங்களே பார்த்துக்குங்க.”

பார்த்துக்கொண்டார். முதல் வேலையாக ‘தீர்ப்பு’ அட்டைகள் அத்தனையையும் சேர்த்து அடுப்பில் போட்டார். நாடகக்காரரைத் தனியாக அழைத்து, கைதியாவது எண்ணாவது, வருகிறவர்களையெல்லாம் மாமா, அத்தை, மச்சான் என்று வாய் நிறையக் கூப்பிட வேண்டும் என்றார். நாடகக்காரர் மனசொடிந்து போனார். வாரக்கணக்கில் கண்ணாடி முன்னால் நின்று உறுமிப் பழகியவர் அவர்.

மத்தியானம் ஜனங்கள் வந்தார்கள். அறைக்குள் உட்கார்ந்தார்கள். மெனு கேட்டார்கள்.

“மாமியார் வீட்டுல யாராவது மெனு கேப்பாங்களா? போடறதைச் சாப்பிட வேண்டியதுதான்,” என்று மாப்பிள்ளை பல்லைக் காட்டிச் சமாளித்தார்.

கால் மணியிலேயே முணுமுணுப்பு கிளம்பிவிட்டது. குடும்பத்தோடு வந்த பேங்க் அதிகாரி ஒருவர் மாப்பிள்ளையைக் கம்பி வழியாகக் கூப்பிட்டார். “ஜெயில்னு விளம்பரம் போட்டிருந்தீங்க. பிள்ளைங்க திட்டு வாங்கணும்னு ஆசையா வந்திருக்காங்க. இவரு என்னடான்னா, மீசை பாதி தொங்க, ‘மாமா, இன்னும் கொஞ்சம்’னு கொஞ்சுறாரு. எங்களுக்குக் கூச்சமா இருக்கு.”

ஜெயில் என்ற சொல் காதில் விழுந்ததும் மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். நல்லவேளை, மாமியார் தூரத்தில் நின்றார். ஆனால் இந்த வார்த்தை இன்னும் எத்தனை வாயிலிருந்து வருமோ? அவரைச் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து நகர்த்தினால்தான் பிழைப்பு.

“அத்தை, சமையலறையை ஒரு பார்வை பார்த்தீங்கன்னா தேவலை,” என்றார்.

பார்த்தார். சற்று நேரத்தில் சமையல்காரர் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். தடித்த மனிதர், கோபத்தில் இன்னும் தடித்திருந்தார்.

“நான் கிளம்பறேன், சார். கத்தியை எல்லாம் சுவத்தோட சங்கிலி போட்டுக் கட்டணுமாம். நான் வெங்காயம் நறுக்கறதா, கிணத்துல தண்ணி இறைக்கறதா?”

அவருக்குப் பின்னாலேயே மாமியார் வந்தார். கையில் ஒரு கூடை கரண்டி. “எண்ணிப் பார்த்தீங்களா, மாப்பிள்ளை? சாப்பாடு முடிஞ்சதும் எண்ணணும். ஒண்ணு குறைஞ்சாலும் ஒருத்தியும் இடத்தை விட்டு நகரக்கூடாது.”

ஹாஸ்டல் பழக்கம் போகவில்லை என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டார். சமையல்காரர் காலைப் பிடிக்காத குறையாக அவரைத் திரும்ப அனுப்பிவிட்டு, மாமியாருக்கு வாசலோரம் ஒரு நாற்காலி போட்டார். வருகிறவர்களை வாங்க என்று சொன்னால் போதும், வேறொன்றும் செய்ய வேண்டாம் என்று கும்பிட்டார்.

இவர் போய் பேங்க் அதிகாரியைச் சமாதானம் செய்துவிட்டு வருவதற்குள் வாசலில் இரட்டை வரிசை நின்றது. பைகளைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார்கள். ஃபோன்கள் ஒவ்வொன்றாகக் கரண்டிக் கூடையில் விழுந்துகொண்டிருந்தன. யாரும் முறுக்கிக்கொள்ளவில்லை, மாமியார் குரலை உயர்த்தவும் இல்லை. “ரெண்டு ரெண்டு பேரா. பேசாம. கையில என்ன?” என்று கேட்டார், அவ்வளவுதான்.

அந்த வரிசையில் மூன்றாவதாக நின்றவரைப் பார்த்ததும் மாப்பிள்ளைக்குக் கண் இருட்டியது. நாக்கு.

அந்த வட்டாரத்துச் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி இணையத்தில் எழுதுகிறவர். அவர் சொந்தப் பேர் யாருக்கும் தெரியாது, எல்லாருக்கும் அவர் நாக்கு. ஒரு கடையின் சூப்பை ‘குளித்த தண்ணீர்’ என்று எழுதினார். அந்த இடத்தில் இப்போது செருப்புக் கடை இருக்கிறது. ஃபோனில் படம் பிடிக்காமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர். அந்த ஃபோனைத்தான் மாமியார் இரண்டு விரலால் வாங்கிக் கூடையில் போட்டார்.

“அம்மா, நான் யாருன்னு தெரியுமா?”

“உள்ள வந்துட்டா எல்லாரும் ஒண்ணுதான். போய் உக்காருங்க.”

நாக்கு போய் உட்கார்ந்தார்.

மாப்பிள்ளை சமையலறைக் கதவிடுக்கில் நின்று பார்த்தார். நாடகக்காரர் கோழியும் உருளைக்கிழங்கும் வைத்தார், நாக்கு சாப்பிட்டார். பீன்ஸ் வைத்தார், நாக்கு அதைத் தட்டோரம் ஒதுக்கிவிட்டு எழுந்தார். அடுத்த கணம் அறைக் கதவு சாத்திக்கொண்டது. சாவி திரும்பியது. மாமியார் எப்போது அங்கே வந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை.

“தட்டைக் காலி பண்ணிட்டுக் கூப்பிடுங்க.”

“எனக்குக் காய் பிடிக்காதும்மா.”

“பிடிக்காதுன்னு யாரு சொன்னா? உங்க வீட்டுல காய் சமைக்கிறது யாரு?”

நாக்கு தட்டைப் பார்த்தார். “யாருமில்ல. தனியாதான் இருக்கேன்,” என்றார்.

“அப்ப பழகாத வாய். அதுக்குத்தான் பிடிக்கல. அவசரமில்ல, மெதுவாச் சாப்பிடுங்க. நான் இங்கேதான் இருக்கேன்.”

கம்பிக்கு வெளியே நாற்காலியை இழுத்துப் போட்டு மாமியார் உட்கார்ந்தார். கூடமே அடங்கிப்போயிற்று. பக்கத்து அறையில் பேங்க் அதிகாரியின் பிள்ளைகள் தங்கள் தட்டைப் பார்த்தார்கள், மாமியாரைப் பார்த்தார்கள், பீன்ஸை வேகமாக வாயில் திணித்துக்கொண்டார்கள். அதிகாரியும்தான்.

முடிந்தது கதை என்று மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்தார். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் தன் நாற்காலியில் இந்நேரம் யார் உட்கார்ந்திருப்பார்களோ என்று யோசனை ஓடியது.

கதவு திறந்தது. நாக்கு வெளியே வந்தார், தட்டை அவரே தூக்கிக்கொண்டு. கரண்டியை எண்ணிக் கூடையில் போட்டார். மாப்பிள்ளையிடம் நேராக வந்து நின்றார்.

“யாரு சார் இந்த அம்மா? எந்த நாடகக் கம்பெனி?”

“அவங்க... எங்க அத்தை.”

“அதான பார்த்தேன். நடிச்சு வர்றதில்ல இது.” ஃபோனை வாங்கிக்கொண்டார். “எத்தனையோ கடை ஏறி இறங்கிட்டேன். சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எனக்காக ஒருத்தர் உக்காந்திருந்தது இங்கதான்.”

அன்று மாலையே அவர் எழுதியது தெரு முழுக்கச் சுற்றியது. ‘கம்பி நிஜம், கண்டிப்பு நிஜம், அக்கறையும் நிஜம். ஜெயிலா, மாமியார் வீடா என்று கேட்காதீர்கள். இரண்டும் இவ்வளவு பொருத்தமாக இருக்கும் என்று எனக்கே இன்றுதான் தெரிந்தது. காய்கறியை ஒதுக்குகிறவர்கள் தவறாமல் போகவும்.’

பிறகென்ன, கூட்டம் அம்மியது. போடுகிற சாப்பாட்டைச் சாப்பிட, ஃபோனைப் பறிகொடுக்க, கதவைச் சாத்தச் சொல்லிக் கேட்டு வாங்க ஜனங்கள் வந்தார்கள். புதிதாகக் கல்யாணமாகி மனைவியோடு வந்த ஒருவர், தன் சொந்த மாமியார்கூட இப்படிக் கவனித்ததில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்திலிருந்தவள் முழங்கையால் இடித்தாள். பேங்க் அதிகாரி பிள்ளைகளின் மார்க் அட்டையோடு வந்து, சாப்பாட்டோடு இதையும் ஒரு வார்த்தை கேளுங்கள் என்றார். நாடகக்காரர் மெதுவாகப் பேசினால் அதிகம் பயப்படுகிறார்கள் என்று கண்டுபிடித்து, மீசையைக் கழற்றி எறிந்தார். சமையல்காரர்கூடக் கத்திக்குச் சங்கிலி போட்டுக்கொண்டார். கத்தி தொலைவதே இல்லை என்று மற்றக் கடைக்காரர்களிடம் பெருமை வேறு.

மாப்பிள்ளை தலைநிமிர்ந்து நடந்தார். எல்லாவற்றையும்விட அவருக்குப் பெருமை, ஊரே ஜெயில் ஜெயில் என்று பேசியும் மாமியார் காதில் அதன் அர்த்தம் விழாமல் காப்பாற்றிவிட்டதுதான். “எப்படி சமாளிச்சேன் பார்த்தியா?” என்று மனைவியிடம் தினமும் கேட்டார். அவளும் தினமும் துடைக்கும் துணியைத் தேடினாள்.

முட்டைக்கார அம்மா வழக்கமாகப் பின்வாசலில் முட்டையை இறக்கிவிட்டுப் போகிறவர். ஒரு நாள் சந்து முழுக்க வரிசை நின்றதால் முன்வாசலுக்கு வந்தார். நாற்காலியில் மாமியாரைப் பார்த்ததும் முட்டைத் தட்டுகளை அப்படியே கீழே வைத்துவிட்டு, கையிரண்டையும் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு விறைப்பாக நின்றார்.

“வார்டனம்மா.”

மாமியார் அவரை மேலும் கீழும் பார்த்தார். முகம் மலர்ந்தது. “உடம்பு தேறியிருக்கே. தலை வாரியிருக்கே. நல்லது. உள்ள போய்ச் சாப்பிட்டுட்டுப் போ. காயை ஒதுக்காத.”

அந்த அம்மாவைத் தானே கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போன மாப்பிள்ளை, நல்ல அறையாகப் பார்த்து உட்காரவைத்தார். நம் அத்தையின் கையில் வளர்ந்த பெண் ஆயிற்றே என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

“நீங்க அத்தையோட ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சவங்களா?”

முட்டைக்கார அம்மா கம்பியை ஒரு தரம் ஆசையாகத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஹாஸ்டலா? நல்லா கேட்டீங்க, சார். அது பொம்பளைங்க ஜெயிலு, அம்மா தினம் டூட்டிக்குக் கிளம்பும்போதே வீட்டுல ‘மாமியார் வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்’னுதான் சொல்லிட்டு வருவாங்களாம்.”