யாருக்கும் சிரமம் கொடுக்காத கார்

மனித குலம் இதுவரை கண்ட நாகரிகங்களில் தலைசிறந்தது, யார்க்ஷயரில் ஹாலிஃபாக்ஸ் நகரத்தின் மேட்டுத் தெரு ஒன்றில், வடக்குப் பக்க வரிசை வீடுகளில் நிலவிவருகிறது. வேறு நாட்டவர் கோபுரம் கட்டினார்கள், கால்வாய் வெட்டினார்கள். இந்தத் தெருவார் அடுத்தவருக்குச் சிரமம் கொடுக்காமல் இருந்தார்கள். வீடு தீப்பற்றினாலும் தீயணைப்பு நிலையத்துக்காரர்கள் சாப்பிட்டு முடித்திருப்பார்களா என்று யோசித்துவிட்டுத்தான் போனை எடுப்பார்கள்.

இந்த நாகரிகத்தின் கொழுந்து ராய் பிக்கர்ஸ்கில். நகராட்சியில் தெருவிளக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு முன்னால் இருக்கும் சின்ன முற்றத்தில் ஒன்பது வருஷமாக ஒரு பழைய காருக்கு 'மறுசீரமைப்புப் பணி' செய்துவருகிறார். மூன்று கதவு, உள்ளே நான்கு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காரலாம். ஒரு காலத்தில் தெருவுக்கு ஐந்து ஓடிய வண்டி அது. இப்போது நாட்டிலேயே சொற்பம்தான் மிச்சம் என்று ராய் பெருமையாகச் சொல்வார். மற்றவர்கள் ஏன் தூக்கிப் போட்டார்கள் என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை. அது மரியாதை இல்லை.

இந்தக் காருக்கென்றே ஒரு சங்கம் உண்டு. மாதம் ஒருமுறை ஒரு மதுக்கடையின் பின்னறையில் கூடுவார்கள். தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்பதே சங்கத்தின் ஒரே கொள்கை. ஒழுகும் இடத்தில் ஒழுக வேண்டும், கிறீச்சிடும் இடத்தில் கிறீச்சிட வேண்டும். புதிதாக வந்த திருகாணி ஒன்றைப் போட்ட குற்றத்துக்காக ஒருவருடன் உறுப்பினர்கள் இன்றளவும் பேசுவதில்லை. அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை ராயின் மனைவி டோரீன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே ஓர் அறிவிப்பை வெளியிட்டாள். வரும் சனிக்கிழமை மூன்று மணிக்குள் கார் முற்றத்தை விட்டுப் போயாக வேண்டும். தன் காலில் போனால் அதில் ஏறி இருவரும் கடற்கரைக்குப் போய் மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிடலாம். போகாவிட்டால் பழைய வண்டிகளை உடைக்கிற இடத்திலிருந்து லாரி வரும். சொல்லியாகிவிட்டது. ராய் அதை நியாயமான தீர்மானம் என்று ஏற்றுக்கொண்டார்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், சனிக்கிழமை மதியத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. காலையில் எஞ்சின் இருமிச் செருமி ஓடியபோது ராய்க்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சத்தத்துக்காகத்தான் அவர் ஒன்பது வருஷம் முழங்காலைத் தேய்த்தார். பேட்டரியை மட்டும் கழற்றிச் சமையலறையில் சார்ஜ் போட்டிருந்தார். அதைத் திரும்ப மாட்டிச் சாவியைத் திருப்பினால் கடற்கரைதான். நடுவில் கிடைத்த நேரத்தில் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் துடைக்கலாமே என்று உள்ளே ஏறி உட்கார்ந்தார்.

மேட்டுத் தெருக் காற்று வந்து கதவைச் சாத்தியது.

இந்த இடத்தில் ஒரு தொழில்நுட்ப விளக்கம் தேவைப்படுகிறது. கதவின் உட்புறக் கைப்பிடிகள் இல்லை. கண்ணாடியை இறக்கும் கைப்பிடிகளும் இல்லை. அசல் கைப்பிடிகளை அனுப்பிவைப்பதாக ஹல் நகரத்துச் சங்க உறுப்பினர் ஒருவர் போன வருஷம் வாக்குக் கொடுத்திருந்தார். அவருக்கு நினைவூட்டினால் தவறாக நினைப்பாரோ என்று ராய் விட்டுவிட்டார். பின்கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். பேட்டரி இல்லாததால் ஹாரன் அடிக்காது. போன் கோட்டுப் பையில், கோட்டு வீட்டுக்குள் ஆணியில். கண்ணாடியை உடைக்கலாம்தான். ஆனால் அது தொழிற்சாலை முத்திரை உள்ள அசல் கண்ணாடி. தன் பல்லையாவது உடைத்துக்கொள்வாரே தவிர அதைத் தொடமாட்டார்.

ஆக, அவர் செய்யவேண்டியது ஒன்றுதான். யாரையாவது கூப்பிட்டு, கதவைத் திறந்துவிடுங்கள் என்று கேட்க வேண்டும்.

முதலில் வந்தவர் பக்கத்து வீட்டுக் கீத். குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"என்ன ராய், எல்லாம் நல்லாத்தானே போகுது?"

"பரவாயில்ல கீத். நீங்க?"

"பரவாயில்ல."

இந்த ஊரில் இந்தக் கேள்விக்கு வேறு பதில் கிடையாது. கால் முறிந்தவரும் இதையேதான் சொல்வார். ராய் அடுத்து விஷயத்துக்கு வந்திருக்கலாம். ஆனால் எடுத்த எடுப்பில் உதவி கேட்பது முரட்டுத்தனம். வானிலையில் தொடங்கி, கீத்தின் தோட்டத்து அவரைக்கொடியைத் தொட்டு, மெல்ல மெல்லக் கதவுக்கு வர வேண்டும். அவரைப் பந்தல் வரை வந்தபோது கீத் விடைபெற்றுவிட்டார். ஆனால் நல்ல மனிதர். ராய் வெகுநேரமாக உள்ளேயே இருப்பதைக் கவனித்து, சூடாக ஒரு கோப்பைத் தேநீர் கொண்டுவந்து, கண்ணாடிக்கு நேர் முன்னால், பானெட்டின்மேல் வைத்துவிட்டுப் போனார். ராய் கட்டைவிரலை உயர்த்தி நன்றி சொன்னார். பிறகு அது ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சமையலறை ஜன்னலில் டோரீன் தெரிந்தாள். ராய் கையை ஆட்டினார். அவளும் ஆட்டினாள். தபால்காரர், நாயோடு போன ஒரு பெண்மணி, தேவாலயத்து நிதிக்கு உண்டியல் குலுக்கியவர் என்று எல்லோரும் நலம் விசாரித்தார்கள். எல்லோரிடமும் ராய் நலமாகவே இருந்தார்.

மூன்றடிக்கக் கொஞ்சம் இருக்கும்போதே லாரி வந்துவிட்டது. ஓட்டிவந்தவன் டாரன் என்ற வாட்டசாட்டமான வாலிபன். சீக்கிரம் வந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான்.

"இந்தக் காரைத்தாண்ணே எடுத்துட்டு வரச் சொன்னாங்க. நீங்க உள்ள இருக்கீங்களே, தொந்தரவு பண்றேனா?"

"சேச்சே, மன்னிக்கணும், நான்தான் உங்க வேலைக்கு இடைஞ்சலா உக்காந்திருக்கேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. நீங்க பாட்டுக்கு இருங்க."

டாரன் கொக்கியை மாட்டினான். இரும்புக் கயிறு இழுபட்டது. தேநீர்க் கோப்பையை மட்டும் பத்திரமாக எடுத்து மதில்மேல் வைத்தான். கார் மெல்ல அண்ணாந்து லாரிமேல் ஏறத் தொடங்கியது. ஒன்பது வருஷத்துப் பாடு கண்ணெதிரே, அதுவும் தன்னோடு சேர்ந்தே, உடைக்கிற இடத்துக்குப் போகிறது. இனிமேல் பொறுக்க முடியாது என்று கண்ணாடியைத் தட்டினார்.

டாரன் இழுப்பதை நிறுத்திவிட்டு அருகில் வந்தான்.

"உங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்லன்னா..." என்று ராய் ஆரம்பித்தார்.

"சொல்லுங்கண்ணே."

"ஒரு சின்ன விஷயம்..."

"அட, தயங்காம சொல்லுங்க."

பையன் உண்மையாகவே காத்திருந்தான். அதுதான் ராயைக் கவிழ்த்தது. ஒரு மனிதன் தன் வேலையை விட்டுவிட்டுத் தனக்காக நிற்கிறானே என்று கூசிப்போனார்.

"மழை வரும்போல இருக்கு," என்றார்.

டாரன் வானத்தைப் பார்த்து ஆமோதித்துவிட்டு மீதிக் காரையும் ஏற்றினான்.

அப்போது டோரீன் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். லாரியின் படியில் கால்வைத்து ஏறி, கண்ணாடிக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனாள்.

"ராய், நீ மாட்டிக்கிட்டு முழிக்கிறது எனக்குத் தெரியும். மத்தியானத்துல இருந்து பாத்துட்டுத்தான் இருக்கேன். 'டோரீன், கதவைத் தொற'ன்னு ஒரு வார்த்தை கேளு. தொறந்துவிடறேன். லாரியைத் திருப்பி அனுப்பிடறேன். நாம கடற்கரைக்குப் போகலாம்."

இதைவிடச் சலுகையான நிபந்தனை உலக சமாதான வரலாற்றிலேயே கிடையாது. ராய் வாயைத் திறந்தார். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஆனால் வேறெங்கோ பார்ப்பதுபோல் நின்றது.

"உனக்கு எதுக்கு வீண் சிரமம்?" என்றார் ராய்.

டோரீன் கண்ணாடியிலிருந்து முகத்தை விலக்கினாள்.

"இந்த ஒம்பது வருஷமா மழையில பஸ்ஸுக்கு நின்னு, இந்த மேட்டுல காய்கறி மூட்டையைச் சுமந்துட்டு வந்தேன். வாசல்ல கார் நிக்குது. ஒரு நாளாவது என்னைப் பாத்து 'உனக்கு எதுக்கு வீண் சிரமம்'னு கேட்டியா? ஊர்ல ஒருத்தருக்கும் நீ சிரமம் குடுத்ததில்ல ராய். அத்தனையையும் எனக்குன்னு சேத்துவச்சுக் குடுத்துட்ட."

அவள் கீழே இறங்கினாள். டாரன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, வண்டிக்குள் இருக்கிறவரை எங்கே இறக்கிவிடுவது என்று பணிவாகக் கேட்டான்.

"அவரு எங்க வாயைத் தொறந்து கேக்கிறாரோ, அங்க இறக்கிவிடு தம்பி," என்றாள் டோரீன்.

தெருவார் மிகுந்த நாகரிகத்தோடு கையசைத்து வழியனுப்பினார்கள். கடைசியாகக் கிடைத்த தகவலின்படி லாரி ஸ்காட்லாந்து எல்லையைத் தாண்டிவிட்டது. சாலையோர உணவகம், பெட்ரோல் நிலையம் என்று வழிநெடுக டாரன் நிறுத்தி நிறுத்தி ராயிடம் நலம் விசாரித்திருக்கிறான். பரவாயில்லையாம்.