பதினொன்றரையைத் தாண்டினால் லீனா

எங்கள் வீட்டுக் காரை இனி என்னைத் தவிர யாரும் ஓட்டக்கூடாது என்று தை மாதம் முதல் தேதி முடிவு செய்தேன். எனக்கு அறுபத்தெட்டு வயது. எட்டாவது வரை படித்தேன். தி. நகரில் ஒரு பாத்திரக்கடையில் நாற்பத்தொரு வருடம் தராசில் நின்றேன். எடையில் பத்து கிராம் பிசகியது என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை. அப்படிப்பட்டவன் எடுத்த முடிவு என்பதால் அதற்கு ஒரு கனம் இருந்தது.

என் மனைவி மீனாட்சிக்கும் லைசென்ஸ் உண்டு. எனக்குக் கால் முறிந்து கிடந்த ஆறு வாரமும் எங்கள் பழைய காரை அவள்தான் ஓட்டினாள். கட்டுப் பிரித்த அன்றே சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஆனால் அந்த ருசி அவளை விடவில்லை. "இனிமே நான் ஓட்டுதேன், நீங்க பக்கத்துல இருங்க" என்று சென்ற வருடம் மட்டும் முப்பத்தாறு தடவை சொல்லிவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் ஹரியின் கார் வந்தது. ஹரி என் சகலை தனபாலனின் மகன். வேலை கிடைத்து வெளிநாடு போகும்போது, "நீங்களே வச்சுக்கோங்க பெரியப்பா" என்று விட்டுப்போனான். அதில் சூப்பர்சார்ஜர் என்று ஒன்றை மாட்டியிருந்தான். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஊதும் கருவி. காற்று கூடினால் அதற்கேற்ப பெட்ரோலும் கூட வேண்டும். ஹரி காற்றைக் கூட்டினான். பெட்ரோலைக் கூட்டுவதற்குள் விமானம் ஏறிவிட்டான்.

"இது ஆள முழுங்குற வண்டி. வித்துருங்க" என்றாள் மீனாட்சி.

அவளுக்குத் தெரியாமல் இதைப் பக்குவமாகச் சரிசெய்து, ஒரு நாள் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டிவிட்டால், பிறகு சாவிப் பேச்சே எழாது என்று திட்டம் போட்டேன்.

மந்தைவெளியில் எங்கள் வீட்டுக்கு நான்கு தெரு தள்ளி யாசிர் என்ற மெக்கானிக் இருக்கிறார். பெரிய பெட்ரோல் பம்பு போட்டார். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் நான்கையும் பெரிதாக மாற்றினார். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு மீட்டர் வைத்தார். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்று அது காட்டும். இது எடைக் கணக்கு என்று அவர் சொன்னதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது பதினொன்றரையில் நிற்க வேண்டும். அதைத் தாண்டினால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். அதற்கு அவர்கள் பாஷையில் 'லீன்'. அப்படியே ஓட்டினால் உள்ளே பிஸ்டன் உருகிவிடும்.

எனக்குக் காது சற்று மந்தம். அதனால் போனில் ஸ்பீக்கர் போட்டுத்தான் பேசுவேன். ரகசியம் என்பதால் குளியலறைக்குள் போய்ப் பேசினேன்.

"ஐயா, ஞாயித்துக்கெயம காலைல எட்த்துனு போலாம். பதினொன்றரைய மட்டும் தாண்ட வுடக்கூடாது. தாண்டுச்சுனா லீனா பூடும்."

"லீனா போகாம நான் பாத்துக்கிடுதேன்."

"வூட்ல அம்மாக்குத் தெரிமா?"

"தெரியாது. தெரியவும் கூடாது."

கதவைத் திறந்தேன். மீனாட்சி நின்றாள். வாயில் துணி கிளிப் ஒன்று இருந்தது. அதை எடுத்தாள்.

"யாரு லீனா?"

"அது வந்து…"

"பதினொன்றரைக்கு மேல எங்க போறா?"

"அவ எங்கயும் போகல. அதாவது, அப்படி ஒருத்தியே இல்ல."

"இல்லாதவளையா போகாம பாத்துக்கிடுதேன்னு சொன்னிய?"

"மீனாட்சி, லீனான்னா பெட்ரோல் கம்மின்னு அர்த்தம்."

"எனக்கு அறுபத்திரண்டு வயசாகுது. இத நான் நம்பணும்."

"ஒரு பங்குக்குப் பதினொன்றரை பங்கு காத்து…"

"காத்து வாங்கத்தான் கூட்டிட்டுப் போறியளோ."

லீனாவிடமிருந்து தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது. யாசிரிடம் அழைத்துப்போய் எல்லாவற்றையும் காட்டினேன். பம்பு, இன்ஜெக்டர், மீட்டர் எல்லாவற்றையும் அவள் பார்த்தாள். வரிசையாகக் கேட்டாள்.

"தம்பி, ஓட்டிக்கிட்டே இந்த மீட்டர எப்படிப் பாக்கிறது?"

"அதான்மா விசயம். ஓட்றவரு மீட்டர பாக்கக்கூடாது. பாக்கறவரு ஓட்டக்கூடாது. ரெண்டு ஆளு வோணும். ஒருத்தரு ஓட்டணும், இன்னொருத்தரு…"

மீனாட்சி முந்திக்கொண்டாள். "இன்னொருத்தர் எழுதணும். தப்பா எழுதினா?"

"தப்பாச்சுனா இன்ஜின் காலி."

"ஐயய்யோ. எனக்கு அரைக்கும் காலுக்குமே வித்தியாசம் தெரியாது. இதுக்கு நாப்பத்தொரு வருசம் தராசு பிடிச்ச கண்ணுல்லா வேணும். அப்படி யாரு இருக்கா மெட்ராசுல?"

யாசிர் என்னைப் பார்த்தார். நான் கூச்சத்தில் தரையைப் பார்த்தேன். "நானே எழுதுதேன்" என்றேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. எழுத நான் போய்விட்டால், ஓட்ட அவள்தான் மிச்சம்.

ஐந்து ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணிக்கு, பட்டினப்பாக்கம் மீன் கடைகளில் கூட்டம் சேர்வதற்குள் போய்விடுவோம். மீனாட்சி ஓட்டினாள். பின்சீட்டில் யாசிர் மடியில் லாப்டாப்பை வைத்துக்கொண்டு, முதலில் பெட்ரோலைத் தாராளமாக விட்டு, பிறகு சிட்டிகை சிட்டிகையாகக் குறைத்துக்கொண்டு வந்தார். நான் இடது பக்கம் உட்கார்ந்து உரக்கப் படித்து நோட்டில் எழுதினேன். பத்து புள்ளி எட்டு. பதினொன்று புள்ளி ஒன்று. பதினொன்று புள்ளி நாலு.

இரண்டாம் ஞாயிறு பன்னிரண்டு புள்ளி ஆறு காட்டியது. "கால எடு" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எடுத்துவிட்டாள். பம்பிலிருந்து வரும் பெட்ரோல் வடிகட்டி அடைத்திருந்ததாம். இன்ஜின் பிழைத்தது. உண்மையைச் சொன்னால், நான் ஓட்டியிருந்தால் எந்தக் காலை என்று யோசித்திருப்பேன். இதை அவளிடம் சொல்லவில்லை.

ஐந்தாம் ஞாயிறு முடிந்தபோது நோட்டில் ஆயிரத்து நூற்று நாற்பது எண்கள் இருந்தன. அன்று மீட்டர் ஒரு தடவைகூடப் பதினொன்றரையைத் தாண்டவில்லை. மறுநாள் தனியாக யாசிரிடம் போனேன்.

"இனி நம்பர் எழுத ஆள் வேணுமா?"

"இன்னாத்துக்கு ஐயா? இனிமே லீனா போச்சுனா வண்டியே தானா பவர கொறச்சிக்கும். செட் பண்ட்டேன்."

"இதுவரைக்கும் எழுதினது?"

அவர் தலையைச் சொறிந்தார். "லாப்டாப்பே எல்லாம் எய்திக்கும் ஐயா. ஓட்றதுக்கு ஒருத்தரு, பாக்கறதுக்கு நானு. அதான் ரெண்டு ஆளு. அம்மாதான், 'அவரு எழுதட்டும் தம்பி, சந்தோசப்படுவாரு'ன்னாங்க."

"அப்போ என் நோட்டு?"

"கையெழ்த்து சூப்பரா இருந்துச்சு ஐயா."

வீட்டுக்கு வந்தேன். கையை நீட்டினேன்.

"சாவி."

"இந்தாங்க" என்று உடனே கொடுத்தாள். நான் தயார் செய்துகொண்டு போயிருந்த ஏழு வாக்கியங்களும் வீணாயின.

ஏறி உட்கார்ந்தேன். அவள் இடது பக்கம் ஏறினாள். மடியில் என் நோட்டு. காலியாக இருந்த பக்கத்தைத் திருப்பி, பேனாவைத் திறந்தாள்.

"மீட்டருக்கு இனி ஆள் வேண்டாம். யாசிர் சொல்லிட்டாரு."

"மீட்டருக்கு வேண்டாம்" என்றாள்.

கிளம்பினேன். தெருமுனை திரும்பும்போது ஏதோ எழுதினாள். மார்க்கெட் பக்கம் இரண்டு முறை எழுதினாள். சாந்தோம் வருவதற்குள் ஒரு பக்கம் நிறைந்து தாளைத் திருப்பினாள்.

"என்னத்த எழுதுத?"

"ரோட்டப் பாருங்க. ஓட்டுறவரு இதப் பாக்கக்கூடாது."

பட்டினப்பாக்கத்தில் ஓரமாக நிறுத்தி நோட்டை வாங்கினேன். நேரம், இடம், நான் செய்தது என்று மூன்று பத்தி போட்டு எழுதியிருந்தாள். இடப்பக்க விளக்கைப் போட்டுவிட்டு வலப்பக்கம் திரும்பியது. வேகத்தடையைத் தாண்டிய பிறகு பிரேக் பிடித்தது. ஆட்டோக்காரர் கைகூப்பியது. மொத்தம் பதினேழு. ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஒன்றில்கூட இடமோ நேரமோ பிசகவில்லை.

ஆனால் ஹேண்ட் பிரேக்கை எடுக்காமலே மார்க்கெட் வரை வந்ததை அவள் கவனிக்கவில்லை. கணக்கு என்றால் முழுதாக இருக்க வேண்டும். அதையும் என் கையாலேயே எழுதி, பதினெட்டு என்று கூட்டுப் போட்டு, சாவியோடு சேர்த்து அவளிடம் கொடுத்தேன்.