மணிக்கூண்டுப் பக்கம் ஒரே ஒரு நல்ல கடை

"மணிக்கூண்டைச் சுத்தி நூறு சாப்பாட்டுக் கடை இருக்கு. ஒண்ணுக்கொண்ணு சளைச்சதில்ல. நூத்தியோராவதா நீ வேற எதுக்கு?" என்றார் அப்பா.

எல்லா வம்பும் இந்த ஒரு வாக்கியத்தில்தான் ஆரம்பித்தது.

அம்மா கேட்டது பெரிய விஷயமே இல்லை. எங்கள் வீட்டு முன்பக்க ஷெட்டில் ஒரு சாப்பாட்டுக் கடை. மணிக்கூண்டு இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளித்தான் இருக்கிறது. அதைப் பார்க்க உலகமே வருகிறது. வருகிற உலகத்துக்குப் பசிக்காதா?

ஆனால் அந்த ஷெட்டில் வேன் தூங்குகிறது. அப்பா சுற்றுலா வேன் ஓட்டுகிறார். அவருக்கு அதுதான் மூத்த பிள்ளை, நான் இரண்டாவது. எனக்குக் காய்ச்சல் என்றால் "அம்மாகிட்ட சொல்லு" என்பார். வேன் லேசாக இருமினால் லீவு போடுவார்.

அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் அப்பா தப்பித்திருப்பார்.

"நூறு வேணாங்க. ஒரே ஒண்ணு காட்டுங்க. வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள. உக்காந்து நிம்மதியா சாப்பிடற மாதிரி ஒரு நல்ல கடை. காட்டிட்டீங்கன்னா ஷெட்டுப் பேச்சையே நான் எடுக்க மாட்டேன்."

"காட்டலைன்னா?"

"வேன் தெருவுல படுக்கும்."

அப்பா ஷெட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார். எங்கள் தெருவில் நாய் படுக்கவே யோசிக்கும்.

"நல்ல கடைன்னு யார் தீர்ப்பு சொல்றது? நீயா?"

"நான் எதுக்கு? அவ சொல்லட்டும்" என்று அம்மா என்னைக் காட்டினாள். "அவளுக்குத்தான் பொய் சொல்ல வராதே. அதனாலதான ஸ்கூல்ல ஒரு டீச்சருக்கும் அவளைப் பிடிக்காது."

உண்மைதான். ஸ்கூல் இந்த வருஷத்தோடு முடிந்தது. இரண்டு தரப்புக்கும் நிம்மதி. அடுத்து என்ன என்பதுதான் பிரச்சினை. பெரியப்பா கணக்குப் பதிவு வகுப்பு நடத்துகிறார். என்னை அதில் தள்ளிவிட அப்பா நாள் குறித்துவிட்டார். பெரியப்பா ஒரு கூட்டல் கணக்கைச் சொல்லித்தர ஒரு சாயங்காலம் எடுத்துக்கொள்வார், நடுவில் தன் கல்யாணக் கதையும் வரும். அம்மா கடை போட்டால் கல்லாவில் நான். போடாவிட்டால் பெரியப்பா.

ஆக, அப்பா தோற்றால் நான் பிழைப்பேன். நான்தான் நீதிபதி. எந்தக் கோர்ட்டும் இதை ஒத்துக்கொள்ளாது. எங்கள் வீடு ஒத்துக்கொண்டது.

முதல் நாளே அப்பாவின் குட்டு உடைந்துவிட்டது. மணிக்கூண்டுக் கடைகளில் அவர் சாப்பிட்டதே இல்லை! நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கே பயணிகளை இறக்கிவிடுகிறார். அவர்கள் கடைக்குள் போவார்கள், இவர் வேனுக்குள் உட்கார்ந்து அம்மா கட்டிக்கொடுத்த டிபன் கேரியரைத் திறப்பார். வெளியே இருக்கும் போர்டைப் படித்தே ருசி கண்ட மனுஷன்.

"அம்மாகிட்ட சொல்லாத" என்றார்.

"கேட்டா சொல்லுவேன்."

"கேக்காத மாதிரி நடந்துக்க."

முதல் கடை வாசலில் கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி டை கட்டிய ஆள் நின்றான். கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்தான். மெனு அட்டைப் படத்தில் மீன் படகு அளவுக்கு இருந்தது. தட்டில் மீன் இல்லை, மீனைப் பற்றிய ஒரு வதந்தி இருந்தது.

"எப்படி?" என்றார் அப்பா.

"மோசம்."

"அலங்காரம் நல்லாருக்குல்ல?"

"அலங்காரத்தைச் சாப்பிட முடியாதுப்பா."

இரண்டாவது கடை மொட்டை மாடியில். மேலே ஏறுவதற்குள் எங்களுக்கு மூச்சு நின்றது, சூப்புக்குச் சூடு நின்றது. அப்பா ஒரு வாய் சாப்பிடுவார், கைப்பிடிச் சுவரில் எட்டி, கீழே சாலையோரம் நிற்கும் வேனைப் பார்ப்பார். மறுபடி ஒரு வாய், மறுபடி எட்டல். போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் அந்தப் பக்கம் வந்தார். அவ்வளவுதான், அப்பா வாயில் இருந்ததை மென்று முடிக்காமலே படியில் உருண்டார். நான் மிச்சத்தைச் சாப்பிட்டுப் பார்த்தேன். உருண்டது நல்லதுதான்.

ஒரு தெருவில் மட்டும் வாசனை எங்களை நிறுத்தியது. ஆபீஸ் ஆட்கள் வாசல்வரை வரிசையில் நின்றார்கள். இதுதான் அது, நான் செத்தேன், பெரியப்பா ஜெயித்தார். அப்பா வேனை அந்தத் தெருவில் மேலும் கீழும் ஓட்டினார்.

"நிறுத்த இடமில்ல. போலாம்."

"அப்பா, சாப்பாட்டுக் கடைதான தேடறோம்?"

"வண்டியை விட்டுட்டு நிம்மதியா எப்படிச் சாப்பிடறது? நிம்மதியான்னுதான உங்கம்மா சொன்னா!"

நான் வாயை மூடிக்கொண்டேன். கேட்காததைச் சொல்லாமலிருப்பது பொய் ஆகாது.

வெள்ளிக்கிழமை அப்பா இளைத்திருந்தார். பட்டன் போன சட்டையோடு வாசலில் நின்று வேனின் கண்ணாடியைத் தடவினார். "தெருவுல படுத்தா உனக்குக் குளிருமாடா?" என்று அதனிடம் கேட்டது என் காதில் விழுந்தது. எனக்கே பாவமாக இருந்தது. அம்மா மட்டும் எதுவும் நடக்காதது போல, வழக்கமான தையல் வகுப்புக்குக் கிளம்பிப் போனாள்.

சனிக்கிழமை மத்தியானம் அப்பா விசிலடித்துக்கொண்டு வந்தார்.

"கெடச்சிருச்சு! நாளைக்கு ரெண்டு பேரும் கிளம்புங்க."

மணிக்கூண்டு வேன் ஸ்டாண்டுக்குப் பின்னால், டயர் கடையை ஒட்டி ஒரு சந்து. போர்டு இல்லை. மூன்று பெஞ்சு. வாசலிலேயே ஒரு பெரிய மரம். அதன் நிழலில் வேனை நிறுத்திவிட்டு, அப்பா கதவைத் தட்டிக்கொடுத்தார். பக்கத்து பெஞ்சில் டிரைவர்கள் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கடைக்கார அம்மாள் காலை இழுத்து இழுத்து வந்து தட்டுகளை வைத்தார். சோறு, மீன், ஒரு கீரை. அவ்வளவுதான்.

ஒரு வாய் வைத்தேன்.

நன்றாக இருந்தது. சும்மா நன்றாக இல்லை. எனக்கு அழுகை வருகிற அளவுக்கு நன்றாக இருந்தது. கல்லாவில் உட்காரும் கனவு தொண்டையில் மீன் முள்ளாக நின்றது.

"சொல்லு" என்றார் அப்பா. அவர் கை மேஜையில் தாளம் போட்டது.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தட்டைப் பார்த்தாள்.

"கொஞ்சம் உப்பு..." என்று இழுத்தேன்.

"உப்பு?" அப்பா பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டார். "உப்புக்கு என்ன?"

அம்மா நிமிர்ந்தாள். "உண்மையைச் சொல்லுடி."

"உப்பு சரியா இருக்கு. எல்லாமே சரியா இருக்கு. நல்ல கடை." சொல்லிவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டேன். பெரியப்பா மனக்கண்ணில் சுண்ணாம்புக் கட்டியோடு சிரித்தார்.

அப்பா எழுந்தே நின்றுவிட்டார். "கேட்டியா! நூறுல ஒண்ணு! என் வேன் என் ஷெட்டுல!" டிரைவர்கள் என்னவென்று தெரியாமலே கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் அவரைக் கெடுத்தது.

கடைக்கார அம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தார். "நல்லாருக்குன்னு சொல்லி என்ன தம்பி பிரயோஜனம்? இந்த மாசத்தோட மூடப்போறேன். முட்டி ரெண்டும் போச்சு. மக வீட்டோட வந்துருன்னு கூப்பிடறா."

"மூடறதா?" அப்பா அலறினார். மூடினால் ஷெட்டுப் பேச்சு திரும்பி வருமே! "மூடக் கூடாதும்மா! இப்படி ஒரு கடை இந்தப் பக்கத்துல வேற ஏது? நான் அத்தனையும் ஏறி இறங்கிப் பாத்துட்டேன். ஒருத்தனுக்கும் சமைக்கத் தெரியல!"

"நூறு கடையும் சூப்பர்னீங்க?" என்றாள் அம்மா.

"அது போன வாரம்! கடைக்காரம்மா, நீங்க மூடாதீங்க. வேற யார்கிட்டயாவது குடுத்தாவது நடத்துங்க. தட்டு கழுவ ஆள் இல்லைன்னா நானே வந்து கழுவறேன்! இத்தனை டிரைவருங்க சாட்சி!"

மறுபடி கைதட்டல்.

அம்மா தண்ணீரைக் குடித்து டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"கேட்டீங்களாக்கா?"

"கேட்டேன்மா. உன் வீட்டுக்காரர் வாயால சம்மதம் வந்தாத்தான் சாவின்னு சொல்லியிருந்தேன். வந்துருச்சு." கடைக்கார அம்மாள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அம்மாவின் கையில் வைத்தார்.

அப்பா சாவியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

"உங்க ரெண்டு பேருக்கும்... முன்னாடியே பழக்கமா?"

"தையல் வகுப்பு இங்கதாங்க."

அப்பா குனிந்து தன் சட்டையில் பட்டன் இல்லாத இடத்தைப் பார்த்தார். மாதக்கணக்காக அது அங்கே இல்லாமல்தான் இருந்தது.

"ஆனா... பந்தயத்துல நான்தான ஜெயிச்சேன்?"

"நீங்கதான் ஜெயிச்சீங்க. ஷெட்டை நான் தொடவே மாட்டேன்" என்று அம்மா அவர் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தாள். "சாப்பிடுங்க. ஆறிடப் போவுது."

வீட்டுக்கு வந்ததும் அம்மாவைச் சமையலறையில் மடக்கினேன். "அப்பா இந்தக் கடையைக் கண்டுபிடிக்காமப் போயிருந்தா?"

"மணிக்கூண்டுப் பக்கம் வேனை நிழல்ல நிறுத்த வேற எங்க இடம் இருக்கு? சுத்திச் சுத்தி அங்கதான் வந்தாகணும். வண்டிக்கு இடம் கெடச்ச பிறகுதான் உங்கப்பாவுக்குப் பசியே வரும்."

"நான் நல்லா இல்லன்னு சொல்லியிருந்தா?"

அம்மா சிரித்தாள். "உப்புன்னு ஆரம்பிச்சியே, முடிக்க முடிஞ்சுதா?"

இப்போது கல்லாவில் நான். அடுப்பில் அம்மா. பயணிகளை மணிக்கூண்டில் இறக்கிவிட்டு அப்பா நேராகக் கொல்லைப்புறத் தொட்டிக்கு வந்து பேண்டை மடித்துவிட்டுக்கொள்கிறார். கை தட்டிய டிரைவர்கள் தினமும் வருகிறார்கள், வேண்டுமென்றே ஆளுக்கு இரண்டு தட்டு எடுக்கிறார்கள்.

"என்னண்ணே, ஜெயிச்ச மனுஷன், எப்படி இருக்கீங்க?" என்று நேற்று ஒருவர் கேட்டார்.

அப்பா முழங்கை வரை நுரையோடு எட்டி, மரத்தடியை ஒரு பார்வை பார்த்தார்.

"வண்டி நிழல்ல நிக்குதுப்பா" என்றார்.