பியட்றிஸ் டிவிடி அடித்த படலம்

கடைசிப் பாண் துண்டைச் சம்பலில் ஒற்றி வாயிலிட்டு, கோப்பையின் அடியில் எஞ்சிய தேநீரை ஒரே மிடறில் பருகி, அந்தக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து, ஈரக் கைகளை வீட்டுக் கவுணின் இரு மருங்கிலும் துடைத்தவாறே கணினி மேசையை நோக்கி எழுந்தருளிய வீராங்கனை பியட்றிஸ் வாழ்க! கலஹாவின் தேயிலைச் சரிவில் பிறந்து, மகாவலி வளைந்தோடும் கட்டுகஸ்தோட்டையில் வாழ்க்கைப்பட்டு, பல்லாண்டு சாதாரணதரப் பரீட்சை வகுப்புகளுக்கு விஞ்ஞானம் புகட்டி, அமிலமும் காரமும் அஞ்சி அடங்கும் குரல் படைத்தவள் வாழ்க! அந்த வீட்டில் வழக்கம்போலத் தொடங்கிய கடைசிச் சனிக்கிழமை அது. அது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கோப்பை கழுவப்பட்டிருக்கும்.

காணாமற்போனதைக் கண்டெடுத்துத் தரும் புனித அந்தோனியாரே, இயந்திரங்களுக்கென்று தனியாக ஒரு புனிதர் உண்டா என்பதை அறியாத காரணத்தால் உம்மையே அழைக்கிறோம். பழுதின் காரணம் எங்கோ காணாமற்போயிருந்தது. ஆகவே இது உமது இலாகாவுக்குள் வரும் என்று நம்புகிறோம். அவளுடைய யானை, தேர், குதிரை, காலாள் என்ற நால்வகைப் படையும் அவள் கணவனான கிறகரி என்னும் நான் ஒருவனே. என் ஆயுதம் ஒரு டோர்ச் லைட்.

போருக்குக் காரணம் இது. பியட்றிஸின் அண்ணன் ஸ்ரனிஸ்லாஸுக்கு இதயத்தில் அடைப்பு. திங்கட்கிழமை பேராதனைக்குப் போய் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். அந்த வாரமே நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை. அந்த நெஞ்சோடு நெடும்பயணம் கூடாதென்று டொக்டர்மார் தடுத்திருந்தபடியால், முந்தின மாதம் மன்னாரில் நடந்த தன் ஒரே மகள் ஜெஸ்மினின் கலியாணத்துக்கு அவர் போகவில்லை. தகப்பனின் இடத்தில் நின்று, மணமகளைக் கைப்பிடித்துப் பீடம் வரை நடத்திச் சென்றவள் அத்தை பியட்றிஸ். அந்தக் கலியாணம் முழுவதும் ஒரு பென்டிரைவில் அடங்கி எங்கள் வீடு வந்து சேர்ந்திருந்தது. கலஹாவிலோ பென்டிரைவ் செருக வழியில்லாத பழைய டிவிடி பிளேயர். போனில் பார்க்கலாமே என்றதற்கு, "எம் மகள எறும்பு சைஸ்ல பாக்கச் சொல்றீங்களா மச்சான்?" என்று ஸ்ரனிஸ்லாஸ் என்னைக் கேட்டிருந்தார். கட்டுகஸ்தோட்டைச் சந்தியிலிருந்த ஸ்டூடியோக்காரர் டிவிடி அடிக்கும் மெஷினை எப்போதோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தக் கலியாணத்தை ஒரு வட்டத் தட்டில் ஏற்றிக் கலஹாவுக்குக் கொண்டுபோக வேண்டும். உலகில் அதற்கு மீதமிருந்த ஒரே வழி எங்கள் வீட்டு மேசைக்கு அடியில் இருந்தது.

அவனை வர்ணிப்போம். கரும்பாறையென நிமிர்ந்த கணினிப் பெட்டியின் மேல்மாடத்தில், நீண்ட உதட்டினனாய், நெடிய நாவினனாய், உள்ளே எவரும் காணா ஒற்றைக் கண்ணினனாய்க் குடியிருந்தான் அப்பகைவன். ஊரார் அவனை டிவிடி ரைட்டர் என்பர். பொத்தானைத் தொட்டால் பணிவோடு நாவை நீட்டுவான். பளபளக்கும் புதுத் தட்டை அதில் வைத்தால் நல்ல பிள்ளைபோல் விழுங்குவான். பின்னர் மழைக்கால மகாவலி மதகில் மோதுவதுபோல் உறுமி, திரையிலே பச்சைக் கோடொன்றைப் புல்முளைப்பதுபோல் மெல்ல வளரவிட்டு, பார்ப்பவர் நெஞ்சில் நம்பிக்கை முளைத்த அதே கணத்தில் கோட்டை நிறுத்தி, 'முடியவில்லை' என்று அறிவித்து, கெட்டுப்போன தட்டை வெளியே துப்புவான்.

முதற்போரில் வீராங்கனை தட்டை மாற்றினாள். துப்பினான். இரண்டாம் போரில், அவசரக்காரன் கையெழுத்து கிறுக்கலாகும் என்ற ஆசிரிய அனுபவத்தால் அவனது வேகத்தை நாலில் ஒன்றாகக் குறைத்தாள். அவன் நாலு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டு துப்பினான். மூன்றாம் போரில் கணினியை அணைத்து, ஓர் 'அருள்நிறைந்த மரியே' செபம் முடியும் வரை பொறுத்து, மீண்டும் ஏற்றினாள். இந்த முறை அவன் தட்டு வைக்கப்பட்டிருப்பதையே ஒப்புக்கொள்ளவில்லை. இத்தருணத்தில் காவிய நாயகியர் பகைவனை விளித்து நீண்டதொரு வஞ்சினம் கூறுவது மரபு. பியட்றிஸ் கூறிய வஞ்சினமாவது:

"சனியனே, ஒனக்கு இண்டைக்கா வரணும்?"

அப்போதுதான் கலஹாவிலிருந்து அழைப்பு வந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

"தங்கச்சி, படம் ரெடியா?"

"ஓடிக்கிட்டு இருக்குண்ணே."

"எது ஓடுது?"

"பச்சக் கோடு."

"வகுப்பு வகுப்பா பிள்ளைங்கள ஆட்டி வச்சவ நீ. ஒரு தட்ட சுத்த வைக்க முடியலயா?"

"நீங்க நெஞ்சப் புடிச்சுக்கிட்டு சும்மா இருங்கண்ணே. நாளைக்கு மத்தியானம் ஒங்க வீட்டு டிவியில ஓடும்."

"சிரிப்புக் காட்டாத, வலிக்குது." அந்தப் பக்கம் கதிரை நகரும் சத்தம் கேட்டது. "பிள்ளைய ஒருக்கா பாத்துட்டுப் போயிருவோம்னு நெனச்சேன். வேற ஒண்டுமில்ல."

பியட்றிஸ் போனை வைத்தாள். மாவீரர்களின் முகம் போர்க்களத்தில் சிவக்கும் என்பார்கள். இவள் முகம் வெளுத்திருந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "அந்த டோர்ச்ச எடுங்க" என்றாள்.

இந்நேரம் பக்கத்து வீட்டு நட்புநாட்டு அரசி பஸீஹா மதிலுக்கு அப்பாலிருந்து தோன்றினாள்.

"டீச்சர், காலயில ஈந்து ஒரே உறுமல். மா அரைக்கிறீங்களோண்டு நெனச்சேன்."

"டிவிடி அடிக்கிறேன் பஸீஹா. இது ஒவ்வொரு தட்டா திண்டு துப்புது."

"தட்டு பழசாகியீக்கும். எங்கட மகன்ட கிளாஸுக்கு வாங்கினது அலுமாரில கெடக்குது, கொண்டாரன்."

நேசப்படையின் புதுத் தட்டுகள் வந்து குவிந்தன. பகைவன் மதபேதம் பாராட்டாமல் அவற்றையும் துப்பினான். ஆகவே குற்றம் தட்டில் இல்லை. கோட்டைக்கு உள்ளேதான் என்று தேர்ந்து, பியட்றிஸ் கணினியின் மின்தொடர்பை அறுத்து, அதைத் தரையில் கிடத்தினாள். தையல் மெஷினின் இழுப்பு லாச்சியில் நெடுங்காலம் துயின்ற ஸ்குறூ ட்றைவர் எழுப்பப்பட்டது. அது தட்டை நுனி. திருகாணிகளின் தலையிலோ சிலுவைக் குழி. வழுக்கிற்று. மரக்கறி வெட்டும் சின்னக் கத்தி களம் புகுந்தது. அதன் நுனி சற்றே வளைந்து, ஆயினும் கடமை தவறாது, ஆணிகளை ஒவ்வொன்றாக மண்கவ்வச் செய்தது. மூடியிருந்த உதட்டை, நிமிர்த்திய பேப்பர் கிளிப்பொன்றைச் சிறு துளையில் செலுத்தித் திறந்தாள். மேல்தகடு கழன்றது.

"டோர்ச்ச ஒழுங்கா புடிங்க. என் கண்ணுக்குள்ள அடிக்காம அதுட கண்ணுக்குள்ள அடிங்க."

அடித்தேன். கண்டோம். இரும்புத் தண்டவாளமிரண்டின் நடுவே, பயறு போலும் சிறியதாய், பனித்துளி போலும் வளைந்ததாய் இருந்தது ஒற்றைக்கண்ணனின் கண். அதன்மேல் வெள்ளையாக ஒரு படலம், பூ விழுந்த கண்ணைப்போல.

"பூஞ்சணம்" என்றேன்.

"பூஞ்சணம் இல்ல." குனிந்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டு, மூக்கு முட்டுமளவுக்குப் பார்த்தாள். "இது பளிங்கு. உப்புப் பளிங்கு."

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"என்னங்க, ஃபாதர் வீடு மந்திரிக்க வந்த அண்டைக்கு இதத் தொறந்தது யாரு?"

"நீதான்."

"நீங்க தடுத்திருக்கலாந்தானே?"

உயிர்த்த ஞாயிறுக்குப் பின் பங்குத்தந்தை வீடு வீடாக வந்து தீர்த்தம் தெளிப்பார். உப்பிட்டு மந்திரித்த நீர் அது. அவர் வாசலை மந்திரித்தார், அடுப்பை மந்திரித்தார், அலுமாரியை மந்திரித்தார். கணினி மேசையருகே பியட்றிஸ் அவரை மறித்தாள். "இதுக்குமா டீச்சர்?" என்று கேட்டார். "இதுக்குத்தான் ஃபாதர் முக்கியமா. அடிக்கடி மக்கர் பண்ணுது" என்று சொல்லி, ஆசீர்வாதம் வெளித்தகட்டோடு நின்றுவிடக்கூடாதென்ற தூரநோக்கோடு பொத்தானை அழுத்தி, நாவையும் நீட்டச் செய்தாள். ஃபாதர் இளைஞர், கை தாராளம். நாவிலே தேங்கிய தீர்த்தத்தை ஒற்றைக்கண்ணன் பக்தியோடு உள்வாங்கினான். நாவின் நடுவே உள்ள நீண்ட திறப்பு வழியே துளி கண்ணில் இறங்கி, நீர் காய்ந்து, உப்பு நின்றது. அன்றிலிருந்து அவனுக்குப் பார்வையில்லை. நாங்கள் அரக்கனென்று வைதது ஒரு குருடனை.

இங்கே போர் நின்றது. அறம் பற்றிய ஐயம் எழுந்தது. மந்திரித்ததைத் துடைத்தெறியலாமா? அதுவும் அண்ணனின் நெஞ்சு திறக்கப்படப்போகிற வாரத்தில்? துடைத்தால் மச்சானுக்கு ஏதும் ஆகிவிட்டால்? துடைக்காவிட்டால் அவர் மகளைப் பாராமலே போய்ப் படுக்க வேண்டும். கையில் பஞ்சோடு பியட்றிஸ் தரையில் அமர்ந்திருந்தாள். இருபுறமும் சேனை நிற்க நடுவே தேர்த்தட்டில் சோர்ந்தமர்ந்த எந்த மன்னனும் அவ்வளவு நேரம் அமர்ந்திருக்க மாட்டான். எனக்கு முழங்கால் வலித்தது. சொல்லவில்லை.

தீர்ப்பு பஸீஹாவிடமிருந்து வந்தது. இன்சுலின் ஊசி போடும் கணவனுக்காக வைத்திருந்த ஸ்பிரிட் போத்தலோடு அவள் வாசலில் நின்றாள்.

"டீச்சர், நீங்க தொடைக்கிறது உப்பத்தானே. ஓதின துஆ எங்கயும் போகாது."

பியட்றிஸ் நிமிர்ந்து பார்த்தாள். தலையசைத்தாள். போத்தலை மட்டும் வாங்கவில்லை.

"உப்பு ஸ்பிரிட்ல லேசில கரையாது பஸீஹா. இது ஒம்பதாம் ஆண்டுப் பாடம். தண்ணிதான் வேணும், அதுவும் ஒரு பொட்டு."

எந்தத் தண்ணீரை எடுப்பது? குழாய் நீரில் வேறு உப்பு. சொட்டினால் மறுபடி தேங்கும். அப்போது அவ்வீராங்கனை மூக்குக் கண்ணாடி துடைக்கும் மென்துணியை எடுத்தாள். கண்ணாடியைத் துடைக்குமுன் எப்போதும் செய்வதுபோல, ஒற்றைக்கண்ணனின் முகத்தருகே குனிந்து, வாயைத் திறந்து, தன் மூச்சை அவன் கண்மேல் விட்டாள். ஹா என்று ஒரு முறை. மங்கியது, ஈரம் படிந்தது, துணிமுனையால் ஒற்றினாள். மீண்டும் விட்டாள். மீண்டும் ஒற்றினாள். படைக்கலங்கள் தோற்ற இடத்தில், நேசநாட்டுத் தட்டுகள் தோற்ற இடத்தில், அந்த மூச்சு சென்று பணிசெய்தது. வெள்ளைப் படலம் கரையோரம் மெலிந்து, நடுவே விலகி, டோர்ச் வெளிச்சத்தில் அந்தக் கண் நீலமாக மின்னிற்று.

துணியை அவள் பைப்பில் அலசவில்லை. ஒரு கோப்பையில் அலசி, தீர்த்தம் சாக்கடைக் கானில் ஓடக்கூடாதென்று, அந்த நீரை முற்றத்து அந்தூரியச் சட்டியில் ஊற்றினாள். பிறகுதான் ஆணிகளைப் பூட்டினாள். ஓர் ஆணி மிஞ்சியது. அது தேவையில்லாத ஆணி என்று அறிவித்தாள்.

பஸீஹாவின் தட்டொன்றை அவன் நாவில் வைத்தோம். விழுங்கினான். உறுமினான். முன்னெல்லாம் இறுமாப்பென்று கேட்ட அவ்வுறுமல் இப்போது உழைப்பென்று கேட்டது. பச்சைக் கோடு புறப்பட்டது; பழைய மரண எல்லையை அணுகியது; நாங்கள் மூவரும் மூச்சடக்கி நிற்க, அதைக் கடந்தது. வயல்வெளியில் வெள்ளம் பரவுவதுபோல் கோடு பரவி மறுகரை தொட்டது. நாவை நீட்டித் தட்டை வெற்றிமாலையென அவள் கையில் கொடுத்தான் அவன். முரசங்கள் அதிரவும் வெண்சங்குகள் முழங்கவும் வேண்டிய அவ்வேளையில் வீராங்கனை திருவாய் மலர்ந்தருளியதாவது:

"சரி. பருப்பு அடுப்பில இருக்கு, அணைச்சீங்களா?"

நான் அணைத்திருக்கவில்லை.

பருப்பின் கதி பற்றிய சிறு போர் ஓய்ந்தபின், தட்டை மீண்டும் போட்டுச் சோதித்தோம். மன்னார்க் கோயிலின் நடுப்பாதை திரையில் விரிந்தது. வெள்ளை உடுப்பில் ஜெஸ்மினும் அவள் கையைப் பிடித்தபடி ஊதாச் சேலையில் பியட்றிஸும் நமக்கு முதுகு காட்டிப் பீடத்தை நோக்கி நடந்தார்கள்.

"சேல பின்னால எப்பிடிக் கசங்கியிருக்கு பாருங்க! ஒருத்தராச்சும் சொன்னீங்களா?"

"முன்னால நின்னு பாத்தேன், தெரியல்ல."

"நல்லாத்தான் பாத்தீங்க."

மறுநாள் பூசை முடிந்து, பேராதனையில் பஸ் மாறி, கலஹா ஏறினோம். பிளேயர் தட்டை ஏற்றது. ஸ்ரனிஸ்லாஸ் கதிரையை டிவிக்கு வெகு அருகே இழுத்துப்போட்டு, தலையணையொன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தொடக்கம் முதல் கேக் வெட்டும் வரை ஒரு வார்த்தை பேசாமல் பார்த்தார். முடிந்ததும், "மாப்பிள்ளைக்குக் கோட்டு கொஞ்சம் பெருசு" என்றார். பின்னர், "இன்னொருக்கா போடு தங்கச்சி" என்றார். இரண்டாம் முறை ஓடுகையில் பியட்றிஸ் பக்கத்துக் கதிரையில் அமர்ந்தபடியே உறங்கிப்போனாள். களைப்பு என்று நினைத்தோம்.

திங்கட்கிழமை அவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். புதன்கிழமை நெஞ்சைத் திறந்தார்கள். கலஹாவிலும் கட்டுகஸ்தோட்டையிலும் மன்னாரிலும் சொல்லப்பட்ட செபமாலைகள் எல்லாம், பஸீஹாவின் துஆவும் சேர, நாற்றிசையிலிருந்தும் விடுத்த அம்புகள்போல் அந்த ஒரே கட்டிலை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தன. எல்லோரும் அந்தப் பக்கமே பார்த்திருந்தோம். வெள்ளிக்கிழமை பின்னேரம், மழை இருட்டுவதைக் கண்டு கொடியிலிருந்த உடுப்புகளை எடுக்கப்போன பியட்றிஸ் முற்றத்தில் விழுந்தாள்; பிறகு எழவில்லை. இதயம் என்றார்கள். அவளுக்கு இதயத்தில் ஏதும் இருந்ததாக ஒருவரும் அறியோம். வீராங்கனை வீழுமிடத்தில் வானம் இடிக்க வேண்டும், ஆறு திசைமாற வேண்டும், ஊர் ஒரு கணமேனும் அசையாது நிற்க வேண்டும் என்று காவிய இலக்கணம் கூறும். மழை வந்தது, அது வழக்கமாக வரும் மழை. எடுத்த உடுப்புகள் அவள் தோளில் இருந்தபடியால் அவையும் நனைந்தன.

ஸ்ரனிஸ்லாஸ் மச்சான் சுகமாக இருக்கிறார்; ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட்ட பிறகு அந்த டிவிடியைப் போட்டுப் பார்க்கிறார்.